கடைவீதி எங்கே? – மதீனாவில் சிறுவணிகம் வேரூன்றிய வரலாறு

சென்ற கல்வியாண்டில் ஒருநாள், ஸஹீஹுல் புகாரியின் வியாபாரப் பாடத்தை மாணவர்களுக்கு நடத்திக்கொண்டிருந்தேன். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் மதீனாவுக்கு வந்த மறுகணமே கடைவீதிக்கு வழி கேட்ட செய்தி அது. பாடம் முடிந்ததும் பின்வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், சொத்தையெல்லாம் மக்காவில் விட்டுவிட்டு வந்தவர் எதைக் கொண்டுபோய் விற்றார்?" என்று கேட்டார். "அல்லாஹ் பரகத் செய்தான்" என்று சொல்லிவிட்டு நூலை மூடினேன். அவர் மரியாதையாக அமர்ந்துவிட்டார். ஆனால் அவர் கேட்டது வேறு, நான் சொன்னது வேறு என்பது இருவருக்குமே தெரிந்திருந்தது.

அதே வாரத்தில் என்னிடம் ஓதிச் சென்ற பழைய மாணவர் ஒருவர் வந்தார். சிறிய பள்ளிவாசல் ஒன்றில் இமாமாகப் பணியாற்றுகிறார். மூன்று பிள்ளைகள். ஜகாத் நிதியிலிருந்து உதவி பெறுவதற்காகச் சான்றுக் கடிதம் ஒன்று வேண்டும் என்றார். எழுதிக் கொடுத்தேன். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் போன பிறகு, வகுப்பில் எழுந்த கேள்வி மீண்டும் என் முன்னே வந்து நின்றது. விடையைத் தேடி அடுத்த சில நாட்கள் நூல்களைப் புரட்டினேன். அதில் கண்டவற்றையே இங்கே தொகுத்துத் தருகிறேன்.

முதற்கேள்வி

கி.பி. 622இல் ஹிஜ்ரத் நடந்தது. மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்கள் வணிகம் அறிந்தவர்கள். மதீனாவின் அன்ஸாரிகளோ பெரும்பாலும் பேரீச்சந் தோட்டங்களை நம்பி வாழ்ந்த வேளாண் மக்கள். வந்தவர்களுக்கு வீடில்லை, நிலமில்லை. நபி (ஸல்) அவர்கள் ஒரு முஹாஜிரையும் ஓர் அன்ஸாரியையும் இணைத்துச் சகோதரர்களாக ஆக்கினார்கள்.

அவ்வாறு இணைக்கப்பட்டவர்களே அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களும் ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்களும். ஸஅத் (ரலி) அன்ஸாரிகளில் செல்வம் மிக்கவர். தம் சொத்தில் சரிபாதியைப் பிரித்துத் தருவதாகவும், புதிய சகோதரரின் மணவாழ்வுக்கும் வழிசெய்வதாகவும் முன்வந்தார். வரலாறு கண்ட கொடைகளில் இதற்கு இணையானவை மிகச் சிலவே. அப்துர் ரஹ்மான் (ரலி) அதை இகழவில்லை, ஏற்கவும் இல்லை. கொடுக்க முன்வந்தவரின் குடும்பத்திற்கும் செல்வத்திற்கும் பரகத் வேண்டிப் பிரார்த்தித்துவிட்டு, கடைவீதிக்கு வழிகாட்டுமாறு மட்டும் கேட்டார். பனூ கைனுகா சந்தைக்கு வழி சொல்லப்பட்டது. அன்று மாலை திரும்பியபோது, செலவு போக மிஞ்சிய பாலாடைக் கட்டியும் நெய்யும் அவர் கையில் இருந்தன. மறுநாளும் போனார், தொடர்ந்து போனார். சில நாட்களில் அவருடைய ஆடையில் மணமகனுக்குரிய நறுமணத்தின் மஞ்சள் கறை தெரிந்தது. நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். அன்ஸாரிப் பெண் ஒருவரை மணந்ததாகவும், பேரீச்சங் கொட்டை அளவு பொன்னை மஹராகக் கொடுத்ததாகவும் அவர் சொன்னார். ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா விருந்தளிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள்.

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். முதல் நாள் அவர் கையில் எவ்வளவு பணம் இருந்தது என்று இந்த ஹதீஸில் இல்லை. ஆனால் அவரிடம் என்ன இருந்தது என்பதை அவருடைய வாழ்க்கையே சொல்கிறது. அப்போது அவர் நாற்பதைக் கடந்தவர். குறைஷியரின் வணிகச் சூழலில் வளர்ந்தவர். எந்தப் பொருளுக்கு எப்போது கிராக்கி, எவருடைய சொல்லை நம்பலாம், எவ்வளவு இலாபத்தில் கைமாற்றலாம் என்னும் அறிவு அவருடனேயே ஹிஜ்ரத் செய்து வந்திருந்தது. மக்கா அவருடைய சொத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. தொழிலறிவைப் பிடித்து வைக்க அதனால் முடியவில்லை.

அவர் தொடங்கிய பொருளையும் கவனியுங்கள். பாலாடைக் கட்டியும் நெய்யும் அன்றாட உணவுப் பொருட்கள். நாள்தோறும் வாங்குவோர் உண்டு. இலாபம் சிறிதானாலும் பணம் விரைவில் திரும்பும். பெருவணிகக் கனவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று, அன்றைய சந்தை எதைக் கேட்டதோ அதிலிருந்து தொடங்கினார்.

அன்ஸாரிகளின் தோட்டங்கள் குறித்தும் இதே வழியே பின்பற்றப்பட்டது. பேரீச்ச மரங்களை முஹாஜிர்களுக்குப் பங்கிட்டுத் தருமாறு அவர்கள் வேண்டியபோது நபி (ஸல்) அவர்கள் இசையவில்லை. முஹாஜிர்கள் தோட்டத்தில் உழைப்பது, விளைச்சலில் பங்கு பெறுவது என்று முடிவாயிற்று. கொடையாக வரவிருந்தது, கூட்டுத்தொழிலாக மாறியது.

இரண்டு திர்ஹம்

தொழிலறிவும் இல்லாதவர் என்ன செய்வது? அதற்கு விடையாக அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி ஒன்று அபூதாவூதில் உள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதே தொடரில் வரும் சுருக்கமான அறிவிப்பை இமாம் திர்மிதீ (ரஹ்) ஹஸன் தரத்தில் வைத்துள்ளார்கள்.

அன்ஸாரி ஒருவர் உதவி கேட்டு வந்தார். வீட்டில் என்ன இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பாதியை விரித்து மீதியைப் போர்த்திக்கொள்ளும் ஒரு முரட்டுத் துணியும், தண்ணீர் குடிக்கும் ஒரு கிண்ணமும் மட்டுமே உள்ளன என்றார். அவ்விரண்டையும் கொண்டுவரச் செய்து, தம் கையில் ஏந்தி ஏலமிட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் சொன்னார். கூடுதலாகத் தருவோர் உண்டா என்று இரண்டு மூன்று முறை கேட்டார்கள். மற்றொருவர் இரண்டு திர்ஹத்திற்கு எடுத்துக்கொண்டார். ஒரு திர்ஹத்தில் குடும்பத்திற்கு உணவு வாங்கிக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் கோடரித் தலை ஒன்றை வாங்கி வருமாறு கூறினார்கள். அவர் கொண்டுவந்ததும், தம் திருக்கரத்தாலேயே அதற்குக் காம்பு பொருத்தினார்கள். விறகு வெட்டி விற்குமாறும், 15 நாட்களுக்குத் தம் கண்ணில் படக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்கள். அவர் திரும்பியபோது பத்து திர்ஹம் ஈட்டியிருந்தார்; ஒரு பகுதியில் துணியும், ஒரு பகுதியில் உணவும் வாங்கியிருந்தார். யாசகம் மறுமையில் முகத்தில் வடுவாய் வருவதைவிட இது மேலானது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள்.

இச்செய்தியை எத்தனையோ முறை மேடைகளில் சொல்லியிருக்கிறோம்; உழைப்பின் சிறப்பைச் சொல்லி முடித்துவிடுகிறோம். அதனுள் இருக்கும் ஒழுங்கைக் கவனித்தால், ஓர் எண்ணம் தொழிலாக மாறும் படிகள் அனைத்தும் தெரியும். முதலில், இல்லாததைப் பற்றிப் பேசாமல் இருப்பதைக் கணக்கெடுத்தார்கள். அடுத்து, முதல் விலைக்கே கொடுத்துவிடாமல் மேல்விலை கேட்டார்கள். அந்த ஒரு கூடுதல் திர்ஹம்தான் கோடரி ஆயிற்று. பின்னர், பசியையும் தொழிலையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். பிள்ளைகள் பசித்திருக்க எவராலும் வணிகம் செய்ய இயலாது. முழுவதையும் உண்டுவிட்டாலோ மறுநாள் பழைய நிலைதான். அதன்பின் கருவியைச் சீர்படுத்திக் கொடுத்தார்கள். இறுதியாக ஒரு தவணை வைத்து, அதன் முடிவில் கணக்குக் கேட்டார்கள்.

ஊர் ஊராக நாம் ஆண்டுதோறும் கொடுக்கும் உதவியில் இவ்வைந்தில் எத்தனை உள்ளன? அரிசியும் துணியும் கொடுக்கிறோம். அது முதல் திர்ஹம். இரண்டாவது திர்ஹம் எங்கே?

வரியில்லாச் சந்தை

கோடரி இருந்தாலும் விறகை விற்க இடம் வேண்டும். நபி (ஸல்) அவர்கள் முஸ்லிம்களுக்கென்று தனிச் சந்தை ஒன்றை மதீனாவில் ஒதுக்கி, அதில் வரி விதிக்கலாகாது என்று ஆணையிட்டதாக இப்னு மாஜாவிலும் பலாதுரீயின் வரலாற்று நூலிலும் செய்திகள் உள்ளன. அங்கே எவருக்கும் நிலையான இடம் இல்லை. பள்ளிவாசலில் முந்தி வந்தவர் முன்வரிசையில் அமர்வதுபோல, சந்தையிலும் காலையில் முந்தி வந்தவருக்கே அன்றைய இடம் என்னும் முறை உமர் (ரலி) அவர்களின் காலத்திலும் பேணப்பட்டது. வாடகையும் வரியும் கொடுக்க வழியில்லாத சிறுவணிகருக்கு இதைவிடப் பெரிய உதவி ஏது?

ஆனால் வரி இல்லை என்பதற்காக ஒழுங்கும் இல்லாமற் போகவில்லை. நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது கையை உள்ளே விட்டுப் பார்த்தார்கள்; விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வணிகர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள இச்செய்தியில் அவர் நனைந்த தானியத்தை விற்கக்கூடாது என்று சொல்லப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குறை இருக்கலாம், அதை மறைப்பதே குற்றம்.

ஒரு தீனார், இரண்டு ஆடுகள்

உர்வா அல்பாரிகீ (ரலி) என்னும் தோழரிடம் நபி (ஸல்) அவர்கள் ஒரு தீனாரைக் கொடுத்து, ஓர் ஆடு வாங்கி வரச் சொன்னார்கள். அவர் அந்த ஒரு தீனாருக்கு இரண்டு ஆடுகளை வாங்கினார். ஒன்றை ஒரு தீனாருக்கு விற்றுவிட்டு, ஓர் ஆட்டுடனும் ஒரு தீனாருடனும் திரும்பி வந்தார். அவருடைய வியாபாரத்தில் பரகத் உண்டாக நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்தார்கள். அதன்பின் அவர் மண்ணை வாங்கினாலும் அதிலும் இலாபம் கண்டிருப்பார் என்று புகாரியில் பதிவாகியுள்ளது. பிற்காலத்தில் கூஃபாவின் சந்தையில் அவர் பெரும் இலாபம் ஈட்டியதாகவும் அறிவிப்புகள் உண்டு.

இங்கே துஆவின் இடம் எது என்று பாருங்கள். விலை பேசி வாங்கி, விற்று, கணக்கை ஒப்படைத்த பிறகே துஆ வந்தது. இலாபம் முழுவதையும் பணத்தின் உரிமையாளரிடமே கொண்டுவந்து வைத்த அமானத்தும் அதற்கு முன்பே நிகழ்ந்துவிட்டது. வகுப்பில் நான் பரகத்தைச் சொன்னது தவறன்று. அதற்கு முந்தைய படிகளைச் சொல்லாமல் விட்டதே தவறு.

முதல் எங்கிருந்து வரும்?

தொழிலறிவு உள்ளது, சந்தையும் உள்ளது, முதல் மட்டும் இல்லை என்பவருக்கு இஸ்லாமிய வணிகமுறை தந்த விடை கிராள் என்றும் முளாரபா என்றும் அழைக்கப்படும் கூட்டு. ஒருவர் முதலைத் தருவார்; மற்றவர் உழைப்பைத் தருவார். இலாபத்தை முன்னரே பேசிக்கொண்ட விகிதத்தில் பிரித்துக்கொள்வர். உழைப்பவரின் கவனக்குறைவோ வரம்புமீறலோ இன்றி நட்டம் வந்தால், முதல் தந்தவர் பணத்தை இழப்பார். உழைத்தவர் தம் உழைப்பை இழப்பார். இலாபத்தில் மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை எவருக்கும் உறுதிசெய்தல் கூடாது. அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்குகளுடன் மைஸராவின் துணையோடு நபி (ஸல்) அவர்கள் நுபுவ்வத்திற்கு முன்பு ஷாம் நாட்டுக்குச் சென்று வந்ததும், ஒருவர் முதலிட மற்றொருவர் உழைக்கும் இத்தகைய வணிகமே.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இதற்கு ஓர் அரிய நிகழ்ச்சி உள்ளது. உமர் (ரலி) அவர்களின் புதல்வர்கள் அப்துல்லாஹ்வும் உபைதுல்லாஹ்வும் இராக்கிலிருந்து திரும்பும் வழியில், பஸராவின் ஆளுநர் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களைச் சந்தித்தனர். மதீனாவின் பொதுநிதிக்குச் சேர வேண்டிய பணத்தை அவர் அவர்களிடம் கடனாகக் கொடுத்து, இராக்கில் சரக்கு வாங்கி மதீனாவில் விற்று, முதலைக் கலீஃபாவிடம் ஒப்படைத்து இலாபத்தை வைத்துக்கொள்ளுமாறு கூறினார். இலாபமும் வந்தது. உமர் (ரலி) கேட்ட கேள்வி ஒன்றே: படையினர் எல்லோருக்கும் இவ்வாறு கடன் கொடுக்கப்பட்டதா? இல்லை என்றனர். கலீஃபாவின் மக்கள் என்பதால் கிடைத்த சலுகை இது என்று கூறி, முதலையும் இலாபத்தையும் ஒப்படைக்கச் சொன்னார்கள். அப்துல்லாஹ் மௌனமானார். உபைதுல்லாஹ்வோ, பணம் அழிந்திருந்தால் நாங்கள்தானே ஈடுகட்டியிருப்போம் என்று வாதிட்டார். அவையில் இருந்த ஒருவர், இதைக் கிராள் ஆக்கிவிடலாமே என்றார். அவ்வாறே முதலும் இலாபத்தில் பாதியும் பொதுநிதிக்குச் சென்றன. மறுபாதி சகோதரர்களுக்குக் கிடைத்தது. வாய்ப்பு எல்லோருக்கும் கிடைத்ததா என்ற கேள்வி, இன்று ஜமாஅத் நிதிகளை நிர்வகிப்போர் ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியது.

பெண்களின் கைத்தொழில்

இவ்வரலாற்றில் பெண்களை விட்டுவிடுவது நேர்மையாகாது. அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) தோல் பதனிட்டும் தைத்தும் ஈட்டியதைத் தர்மம் செய்தவர்கள். தம் மனைவியரில் நீண்ட கையுடையவரே மறுமையில் தம்மை முதலில் வந்தடைவார் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருந்தார்கள். ஹிஜ்ரி 20இல் ஸைனப் (ரலி) மறைந்தபோதுதான், நீளம் என்றது உழைத்து ஈந்த கையின் வண்மையை என்பது மற்றவர்களுக்கு விளங்கியது. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி) கைத்தொழில் செய்து, கணவருக்கும் தம் பொறுப்பில் இருந்த அநாதைகளுக்கும் செலவிட்டார்கள். அதற்கு நன்மை உண்டா என்று ஆள் மூலம் கேட்டபோது, உறவைப் பேணியதற்கும் தர்மத்திற்குமாக இரட்டை நன்மை உண்டு என்ற விடை வந்தது.

கூஃபாவின் துணிக்கடை

ஆலிம்களுக்கு வணிகம் பொருந்துமா என்று இன்றும் கேட்கிறார்கள். உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் புறநகரில் வசித்தபோது, அண்டைவீட்டு அன்ஸாரியோடு முறைவைத்துக்கொண்டார்கள். ஒருநாள் இவர் நபியவையில் இருப்பார், மறுநாள் அவர். அன்றன்று கேட்டதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வர். இல்மையும் வாழ்வாதாரத்தையும் ஒன்றுக்கொன்று பகையாக அவர்கள் கருதவில்லை. மார்க்க விளக்கம் பெறாதவர் தம் சந்தையில் விற்கலாகாது என்று பிற்காலத்தில் ஆணையிட்டவரும் அவர்களே.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் (ஹிஜ்ரி 80–150) கூஃபாவில் கஸ் என்னும் உயர்வகைத் துணியை விற்ற வணிகர். அவர்களுடைய பங்காளி ஹஃப்ஸ் பின் அப்துர் ரஹ்மானிடம் சரக்கு அனுப்பியபோது, குறிப்பிட்ட ஓர் ஆடையில் குறை உள்ளது, வாங்குபவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று தெரிவித்திருந்தார்கள். ஹஃப்ஸ் சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. செய்தி அறிந்ததும் அச்சரக்கின் விலை முழுவதையும் இமாம் தர்மம் செய்துவிட்டார்கள் என்று கதீப் பஃக்தாதீ தம் வரலாற்றில் பதிந்துள்ளார்கள். மதீனாவில் நனைந்த தானியத்துக்குள் சென்ற அந்தத் திருக்கரத்தின் பாடம், நூறாண்டுகளுக்கும் பிறகு கூஃபாவின் கடையில் நினைவிருந்தது.

செல்வம் சேர்ந்த பிறகும்

அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) நபித்தோழர்களில் பெருஞ்செல்வர்களுள் ஒருவரானார். ஹிஜ்ரி 32இல் மறைந்தார். ஒருநாள் நோன்பு வைத்திருந்த அவர் முன் உணவு வைக்கப்பட்டது. உஹதில் ஷஹீதான முஸ்அப் பின் உமைர் (ரலி) நினைவுக்கு வந்தார். தம்மைவிட மேலான அவருக்குக் கஃபனாக ஒரே துணிதான் இருந்தது, தலையை மறைத்தால் கால் தெரிந்தது, காலை மறைத்தால் தலை தெரிந்தது என்று சொல்லி, தம் நன்மைகளுக்குரிய கூலி இவ்வுலகிலேயே கொடுக்கப்பட்டுவிட்டதோ என அஞ்சி அழுது, உணவை விட்டுவிட்டார். பாதிச் சொத்தைத் தர முன்வந்த ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்களும் அதே உஹதில்தான் ஷஹீதானார்கள். கடைவீதிக்கு வழி கேட்டவர், அவ்வழி எங்கே முடிகிறது என்பதை இறுதிவரை மறக்கவில்லை.

இவற்றைப் படித்து முடித்தபின், கடிதம் வாங்கிச் சென்ற அந்த மாணவரை மீண்டும் அழைத்தேன். வீட்டில் என்ன இருக்கிறது, உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றார். பிறகு, மத்ரஸாவில் ஓதும் நாட்களில் கிழிந்த கிதாபுகளுக்கெல்லாம் தாமே அட்டை கட்டியதை நினைவுகூர்ந்தார். எனக்கும் நினைவிருந்தது, என் மேசையில் இருக்கும் மிஷ்காத் அவர் கட்டியதுதான். எத்தனை பள்ளிவாசல்களில் முதுகு பிரிந்த குர்ஆன் பிரதிகள் அலமாரிகளில் கிடக்கின்றன! நாங்கள் மூவர் சேர்ந்து முளாரபாவாகச் சிறுதொகை கொடுத்தோம். நூல், பசை, காலிகோ துணி, வெட்டும் கருவி வாங்கினார். முதல் பதினைந்து நாட்களில் 11 பிரதிகளுக்கு மட்டுமே வேலை வந்தது. இலாபம் என்று சொல்ல அதிகமில்லை. ஆனால் தவணை நாளில் கணக்கு நோட்டுடன் வந்தவர், அதை என் முன் விரித்துவைத்து, என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

வகுப்பில் கேள்வி கேட்ட மாணவருக்கும் இப்போது முழுமையான விடையைச் சொல்லிவிட்டேன். அன்றைய விடை பாதிதான் என்பதையும் ஒப்புக்கொண்டேன்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான ரிஸ்கையும், அதில் பரகத்தையும், பிறருக்கு இரண்டாவது திர்ஹத்தைத் தரும் மனத்தையும் அருள்வானாக. ஆமீன்.